நான்கு நாளும் ஒரே பந்தயம்: பெண்களுக்கான அமெச்சூர் சைக்கிள் ஸ்டேஜ் ரேஸுக்குத் தயாராவது

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், செப்டம்பர் முதல் திங்கட்கிழமை வரும் லேபர் டே விடுமுறையை ஒட்டி நடத்தப்படும் கிரீன் மவுன்டன் ஸ்டேஜ் ரேஸில் நான்கு நாளில் நான்கு வகைப் போட்டிகளை ஓட்ட வேண்டும். வெள்ளிக்கிழமை, கடிகாரத்தோடு மட்டும் மோதித் தனியாக ஓட்டும் டைம் டிரையல். சனிக்கிழமை, ஒரே பாதையைச் சில முறை சுற்றிவரும் சர்க்யூட் ரேஸ். ஞாயிற்றுக்கிழமை, அப்பலாச்சியன் கேப் என்னும் கணவாயின் உச்சியில் முடியும் நீண்ட சாலைப் பந்தயம். திங்கட்கிழமை, பர்லிங்டன் நகரத் தெருக்களில் குறுகிய சுற்றைப் பலமுறை சுற்றும் கிரிட்டேரியம். நான்கிலும் எடுத்துக்கொண்ட நேரத்தைக் கூட்டிப் பார்த்து, மொத்த நேரம் யாருக்கு மிகக் குறைவோ அவரே ஒட்டுமொத்த வெற்றியாளர்.

முதல் முறை வருபவர்கள் ஒவ்வொரு நாளையும் ஒரு தனிப் பந்தயமாக எண்ணி ஓட்டிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். சனிக்கிழமை தேவையே இல்லாமல் கூட்டத்தின் முன்னால் ஓட்டி எதிர்காற்றைத் தாங்கிக்கொண்டிருந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மலையடிவாரத்திலேயே கால்கள் காலியாகி நின்றேன். கட்டங்கள், அதாவது ஒவ்வொரு நாளின் போட்டியும், எவ்வளவு முக்கியமோ, ஒரு கட்டம் முடிந்து அடுத்தது தொடங்கும் வரையுள்ள இருபது மணி நேரமும் அவ்வளவு முக்கியம் என்பதை உணர்ந்து ஓட்டுபவருக்கே இந்த வகைப் பந்தயம் வசப்படும்.

உரிமமும் பிரிவும் முதலில் சரியாக இருக்க வேண்டும். அமெரிக்க சைக்கிள் பந்தயங்களை நிர்வகிக்கும் யுஎஸ்ஏ சைக்கிளிங் அமைப்பின் கீழ் புதிதாகத் தொடங்குபவர் 5ஆம் பிரிவில் இருப்பார். போட்டிகளில் அனுபவமும் முடிவுகளும் சேரச் சேர 1ஆம் பிரிவை நோக்கி ஏறலாம். பெண்கள் பிரிவில் பதிவு குறைவாக இருக்கும்போது இரண்டு மூன்று பிரிவுகளை ஒன்றாகச் சேர்த்து ஓடவிடுவார்கள். அப்போது உங்கள் அருகில் ஓட்டுபவர் உங்களுடைய போட்டியாளராக இல்லாமலும் இருக்கலாம். ஆகவே உங்கள் பிரிவில் இருப்பவர்களின் பந்தய எண்களைச் சிறு தாளில் எழுதி ஹாண்டில்பார் தண்டில் ஒட்டிக்கொள்ளுங்கள். வேறு பிரிவைச் சேர்ந்த ஒருத்தி பாய்ந்து போகும்போது அவளைத் துரத்தி உங்கள் சக்தியை வீணாக்கும் தவறை அந்தத் தாள் பலமுறை தடுத்துவிடும்.

கணக்கு எப்படி நடக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் எங்கே உழைக்க வேண்டும், எங்கே ஒதுங்கியிருக்க வேண்டும் என்பது தானாகத் தெளியும். ஒரு கூட்டமாக இடைவெளியின்றிக் கோட்டைக் கடப்பவர்கள் அனைவருக்கும் ஒரே நேரம்தான் எழுதப்படும். முதலில் கடந்தவருக்கும் இருபதாவதாகக் கடந்தவருக்கும் இடையே வித்தியாசம் வருவது, நேரச் சலுகைகள் (முன்னணியில் முடிப்பவரின் மொத்த நேரத்திலிருந்து கழிக்கப்படும் நொடிகள்) அறிவிக்கப்பட்டிருந்தால் மட்டுமே. ஆகவே சர்க்யூட் ரேஸிலும் கிரிட்டேரியத்திலும் கூட்டத்தோடு முடித்தாலே உங்கள் இடம் பெரும்பாலும் காப்பாற்றப்பட்டுவிடும். நிமிடக் கணக்கில் இடைவெளி விழுவது டைம் டிரையலிலும் மலையிலும்தான். வெள்ளியும் ஞாயிறும் சம்பாதிக்கும் நாள்கள், சனியும் திங்களும் இழக்காமல் இருக்கும் நாள்கள் என்று மனத்தில் பிரித்துக்கொள்ளுங்கள்.

டைம் டிரையலுக்கு உங்கள் தொடக்க நேரம் நொடி வரை குறிக்கப்பட்டிருக்கும். நீங்கள் தாமதமாக வந்தாலும் கடிகாரம் காத்திருக்காது. பதினைந்து நிமிடம் முன்னதாகவே அங்கே இருங்கள். அதற்கும் முன்பாக, சைக்கிளை நின்ற இடத்திலேயே ஓட்ட உதவும் டிரெய்னர் கருவி மீதோ அமைதியான சாலையிலோ இருபது முப்பது நிமிடம் உடலைச் சூடேற்றி, ஓரிரு முறை மூச்சு வாங்கும் அளவுக்கு ஓட்டிப் பாருங்கள். தொடக்க மேடையில் ஒருவர் உங்கள் சீட்டைப் பிடித்துக்கொள்ள, இரு கால்களையும் பெடலில் பூட்டிய நிலையில் புறப்படுவதை வீட்டிலேயே ஒரு தோழியை வைத்துப் பழகிக்கொள்ளுங்கள்; பழகாதவர்களின் கைகள் அந்த நேரத்தில் நடுங்கும். முன்னால் போகிறவரின் பின்காற்றில் ஒதுங்குவது இங்கே தடை. பின்னால் செல்லும்போது 25 மீட்டர் இடைவெளி விட வேண்டும், கடக்கும்போது பக்கவாட்டில் 2 மீட்டர் விலகிச் செல்ல வேண்டும். பாதித் தூரம் வரை ‘இன்னும் வேகமாகப் போகலாம் போலிருக்கிறதே’ என்ற உணர்வோடு ஓட்டினால்தான் மறுபாதியில் வேகம் குறையாது. முடிவுப் பட்டியல் ஒட்டப்பட்டதும் உங்கள் எண்ணையும் நேரத்தையும் சரிபாருங்கள். பிழை இருந்தால் முறையிட 15 நிமிடம் மட்டுமே தரப்படுகிறது, அதைத் தவறவிட்டால் அந்தப் பிழை திங்கட்கிழமை வரை உங்கள் கணக்கில் கூடவே வரும்.

கூட்டத்தோடு ஓட்டும் நாள்களில் காற்றிலிருந்து ஒதுங்குவதே முதல் திறமை. இன்னொருவரின் பின்சக்கரத்தை ஒட்டி ஓட்டும்போது உழைப்பு கணிசமாகக் குறையும். பெண்கள் பிரிவில் கூட்டம் சிறியதாக இருந்தால் ஒளிந்துகொள்ள இடமும் குறைவு, ஆகவே காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்பதைத் தொடர்ந்து கவனித்து, அதற்கு மறுபக்கத்தில் இடம் பிடியுங்கள். சாலையின் நடுக்கோட்டைத் தாண்டினால் நடுவர்கள் உங்களைப் பின்னிறக்கலாம், போட்டியிலிருந்தே நீக்கவும் செய்யலாம். எதிரே வாகனங்கள் வரும் சாலையில் அந்த விதியின் கடுமை நியாயமானதே. பின்னால் வரும் உதவி வண்டியில் மாற்றுச் சக்கரம் பெற, பல பந்தயங்களில் நீங்களும் ஒரு சக்கரத்தைத் தொடக்கத்திலேயே அந்த வண்டியில் கொடுத்திருக்க வேண்டும். உங்கள் பெயரையும் எண்ணையும் அதில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

அப்பலாச்சியன் கேப் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 720 மீட்டர் உயரத்தில் உள்ளது. உயரம் என்று சொன்னால் பெரிதாகத் தோன்றாது. ஆனால் மேற்குப் பக்கத்திலிருந்து வரும்போது முதலில் ‘பேபி கேப்’ என்னும் சிறிய ஏற்றத்தைக் கடந்து, சற்றே இறங்கி, அதன் பிறகுதான் உண்மையான ஏற்றத்தை எதிர்கொள்ள வேண்டும். அந்த முதல் ஏற்றத்தில் முன்னணியோடு ஒட்டிக்கொள்வதற்காக உயிரைக் கொடுத்தால் இறுதி ஏற்றத்தில் சைக்கிள் கிட்டத்தட்ட நின்றுவிடும். உங்களால் தாங்கக்கூடிய வேகம் எது என்பது பயிற்சியில் தெரிந்திருக்கும். அதை மீறிச் செல்லும் குழுவைப் போகவிட்டு, அதே வேகத்தில் ஏறும் இரண்டு மூன்று பேரோடு சேர்ந்துகொள்ளுங்கள். வேகமாகத் தொடங்கியவர்கள் மேலே ஒருவர் பின் ஒருவராகக் கைக்குச் சிக்குவார்கள். பின்புறப் பல்சக்கரத்தில் 30 அல்லது 32 பற்கள் உள்ள கியர் இருந்தால் நல்லது. மலையில் எளிய கியர் வைத்திருப்பதில் எந்த வெட்கமும் இல்லை.

இனி, கட்டங்களுக்கு இடையேயான நேரம். இங்குதான் நான் மிகவும் பிடிவாதமாக இருப்பேன்.

கோட்டைக் கடந்து பத்து நிமிடம் மெதுவாக ஓட்டியபின் உடனே உண்ணத் தொடங்குங்கள். முதல் சில மணி நேரத்தில், உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் மணிக்கு ஏறத்தாழ 1 கிராம் மாவுச்சத்து என்ற அளவில் சேர்ந்தால் தசைகளின் கையிருப்பு விரைவாக நிரம்பும். அதோடு 20 முதல் 25 கிராம் புரதமும் வேண்டும். தங்குமிடத்திற்கு ஒரு சிறிய ரைஸ் குக்கரை எடுத்துச் செல்வதை நான் விட்டதே இல்லை. சோறும் தயிரும் உப்பும் சேர்ந்த ஒரு கிண்ணம், வயிறு சுருங்கிப் பசியே இல்லாத மதியத்திலும் தொண்டையில் இறங்கிவிடும். பந்தயத்தின்போது மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து என்ற கணக்கில் ஜெல்லோ பழமோ பானமோ எடுத்துக்கொள்ளுங்கள், அதையும் பயிற்சியிலேயே வயிற்றுக்குப் பழக்கிவிட்டு வாருங்கள். எடை குறைந்தால் மலை எளிதாகும் என்று நம்பி இந்த வாரத்தில் உணவைக் குறைப்பது மிக ஆபத்தானது. தேவையான ஆற்றல் கிடைக்காத வீராங்கனைகளுக்கு மாதவிடாய் நின்றுபோவதும் எலும்பு பலவீனமாவதும் நேர்கின்றன. சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இல் இந்த நிலைக்குத் தனிப்பெயர் கொடுத்துப் பயிற்சியாளர்களை எச்சரித்தது. மாதவிடாய் சில மாதங்களாக வரவில்லை என்றால் ‘கடுமையாகப் பயிற்சி செய்கிறேன், அதனால்தான்’ என்று விட்டுவிடாமல் மருத்துவரைப் பாருங்கள்.

ஓட்டி முடித்தவுடன் சவாரி உடையை மாற்றுங்கள். ஈரமான பேட் வைத்த ஷார்ட்ஸில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தால் தொடையிடுக்கில் புண் தோன்றும். மறுநாள் சீட்டில் உட்காரவே முடியாமல் போகும். நாளுக்கு ஒன்றாக நான்கு ஷார்ட்ஸ் இருந்தால் சிறப்பு, இல்லையேல் இரவே துவைத்து, துண்டில் முறுக்கிப் பிழிந்து காற்றில் உலர்த்துங்கள். ஷார்ட்ஸின் உள்ளே வேறு உள்ளாடை அணியக் கூடாது. தோலில் உராய்வைத் தடுக்கும் களிம்பைத் தொடக்கத்திற்கு முன்பே தடவிக்கொள்ளுங்கள். மாதவிடாய் அந்த நாள்களில் வந்தால் நாப்கின் உராய்ந்து தொந்தரவு தரும். டாம்பானோ மாதவிடாய்க் கோப்பையோ வசதி, ஆனால் முதல் முறையாகப் பந்தய நாளில் அதைச் சோதித்துப் பார்க்காதீர்கள். காலையில் கழிப்பறை வரிசை நீளமாக இருக்கும் என்பதையும் நேரக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். வெர்மான்ட்டின் செப்டம்பர் காலைகள் குளிரும். பிறகு கழற்றிச் சட்டைப் பையில் திணிக்கக்கூடிய மெல்லிய கைமூடிகளும் காற்றுத் தடுப்பு மேலுடையும் தேவைப்படும்.

மாலையில் சைக்கிளைத் துடைத்து, சங்கிலிக்கு எண்ணெய் இட்டு, டயரில் கண்ணாடித் துண்டு குத்தியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். எண் துணியை எந்தப் பக்கம் குத்த வேண்டும் என்பதைப் படித்துவிட்டு ஊக்குகளை இரவே குத்திவைத்தால் காலையில் பதற்றம் குறையும். ஒன்பது மணிக்கு விளக்கை அணையுங்கள்.

திங்கட்கிழமைக் கிரிட்டேரியத்தில் கூட்டத்தின் பின்பகுதியே மிகக் கடினமான இடம். முன்னால் இருப்பவர் திருப்பத்தில் சற்றே வேகம் குறைத்தால், அந்தக் குறைவு பின்னால் செல்லச் செல்லப் பெருகி, கடைசியில் இருப்பவர் ஒவ்வொரு திருப்பத்துக்குப் பிறகும் முழு வேகத்தில் பாய வேண்டியதாகிறது. முதல் மூன்றில் ஒரு பகுதிக்குள் இடம் பிடியுங்கள். பிரேக்கைத் திருப்பத்துக்கு முன்பே பிடித்து விடுங்கள், வெளிப்பக்கப் பெடலைக் கீழே அழுத்துங்கள், வெளியேறும் புள்ளியைப் பாருங்கள். டயர் பஞ்சரானாலோ விழுந்தாலோ சுற்றுப்பாதையோரம் உள்ள உதவியிடத்திற்குச் சென்றால், சரிசெய்துகொண்டு அடுத்த சுற்றில் கூட்டத்தோடு சேர அனுமதிப்பார்கள். கடைசி 8 கிலோமீட்டரில் அந்தச் சலுகை இல்லை.

முடிவுக் கோட்டில் கைகளை முன்னால் நீட்டி, உடலைப் பின்னால் தள்ளி, சைக்கிளை முன்னே வீசும் உத்தியையும் பழகிக்கொள்ளுங்கள். பெண்களுக்கான சாலைப் பந்தயம் ஒலிம்பிக்கில் முதன்முறையாக நடந்த 1984இல், கானி கார்ப்பென்டர் ரெபெக்கா ட்விக்கை அரைச் சக்கர அளவில் வென்றது அந்த உத்தியால்தான். கோட்டைக் கடந்ததும் கைகளைத் தூக்கவோ சட்டென்று பிரேக் பிடிக்கவோ கூடாது. பின்னால் களைத்துப்போன ஒரு கூட்டமே வந்துகொண்டிருக்கும். நேராக ஓட்டி, மெதுவாக வேகம் குறைத்து, நின்ற பிறகு தண்ணீர் குடியுங்கள்.