கறி இல்லாத ராத்திரிச் சாப்பாடு: முகம் சுளிக்கும் வீட்டில் எங்கிருந்து தொடங்குவது?

“இனிமேல் ராத்திரியில் காய்கறிதான்” என்று ஒருநாள் வீட்டில் அறிவித்தேன். அன்று வேகவைத்து வைத்த காலிஃபிளவர் தொடப்படாமலே அடுப்படிக்குத் திரும்பி வந்தது. சின்னவன் மூக்கையே பொத்திக்கொண்டான். அவன் மேல் தப்பில்லை. காலிஃபிளவர், முட்டைக்கோஸ் வகைக் காய்கள் அளவுக்கு மீறி வெந்தால் கந்தக வாடை கிளம்பும்.

அப்புறம்தான் யோசித்தேன், கறியில் நாக்கு எதைத் தேடுகிறது என்று. முறுகலாகச் சிவந்த மேல்பக்கம், பல்லுக்குக் கொஞ்சம் வேலை, விழுங்கிய பிறகும் நாக்கில் நிற்கும் ருசி. இந்த மூன்றையும் காய்கறியிலேயே கொண்டுவரலாம்.

படி 1: பாதியில் தொடங்குங்கள்

வாரத்தில் ஒரு நாள் போதும். அறிவிப்பெல்லாம் வேண்டாம். கொத்துக்கறி செய்யும் நாளில் பாதிக் கறியைக் குறைத்துவிட்டு, அந்த அளவுக்குக் காளானைப் பொடியாக நறுக்கிச் சேருங்கள். காளானில் சுமார் 90 சதவீதம் தண்ணீர்தான். அதனால் எண்ணெய் விடாமல் காய்ந்த சட்டியில் தனியாக வதக்குங்கள். முதலில் தண்ணீர் விட்டுக் கொதிக்கும். வற்றியதும் சத்தம் மாறி, சட்டியில் சுருசுருவென்று ஒட்டத் தொடங்கும். எண்ணெயும் உப்பும் அப்போதுதான். இரண்டு மூன்று வாரம் கழித்து, மீதிப் பாதியை வெந்த பயறுக்கு விட்டுக்கொடுக்கலாம்.

படி 2: வேகவைக்காதீர்கள், சிவக்க விடுங்கள்

இந்த ஒரு படியை மட்டும் செய்தாலும் பாதி வேலை முடிந்தது.

தண்ணீர் 100 டிகிரியில் கொதித்து ஆவியாகும். காய் நன்றாகச் சிவக்க ஏறக்குறைய 140 டிகிரியாவது வேண்டும். காயின் மேல் ஈரம் இருக்கும்வரை அந்தச் சூட்டை எட்டவே முடியாது. ஆகவே கழுவிய காலிஃபிளவரைத் துணியில் பரப்பித் துடையுங்கள். ஒவ்வொரு பூவையும் நடுவில் வெட்டினால் தட்டையான பக்கம் கிடைக்கும். அது சூட்டில் முழுசாகப் படிய வேண்டும். எண்ணெய், உப்பு பிசிறி, ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் தட்டில் பரப்பி, 220 டிகிரி ஓவனில் 25 நிமிடம். ஓவன் இல்லையா? அகலமான கனத்த சட்டி போதும், மூடி போடாமல். நான்கு நிமிடம் கிளறாமல் விட்டுவிட்டு அப்புறம் திருப்புங்கள். கரண்டியும் கையுமாக நிற்பவர்களுக்கு இது கஷ்டம்தான், எனக்குத் தெரியும்.

கேரட், பீன்ஸ், பூசணி எல்லாவற்றுக்கும் இதே முறைதான். நேரம் மட்டும் மாறும்.

படி 3: நாக்கில் நிற்கும் ருசி

1908-ல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகேடா, கடற்பாசிச் சாற்றிலிருந்து குளுட்டமேட் என்ற சுவைப் பொருளைப் பிரித்தெடுத்து அதன் சுவைக்கு ‘உமாமி’ என்று பெயர் வைத்தார். தக்காளி, சோயா சாஸ், முற்றிய சீஸ் எல்லாவற்றிலும் அது உண்டு. தக்காளியை எண்ணெய் பிரியும்வரை சுண்ட வதக்கி, ஒரு ஸ்பூன் சோயா சாஸ் விட்டால் குழம்பு சப்பென்று இருக்காது. இறக்கியதும் எலுமிச்சை பிழியுங்கள். உப்பு போதவில்லை என்று தோன்றும்போது பல நேரம் குறைவது புளிப்புதான்.

படி 4: வயிறு நிறைய வேண்டும்

வெறும் காயை வைத்தால் இரண்டு மணி நேரத்தில் பிஸ்கட் டப்பா திறக்கும். பயறோ, கொண்டைக்கடலையோ, டோஃபுவோ (சோயா பாலில் செய்யும் பனீர் மாதிரியான கட்டி) சேருங்கள். சிவப்பு ராஜ்மாவில் மட்டும் கவனம்: இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் நன்றாகக் கொதிக்க வைத்து வேகவிட வேண்டும். அரைவேக்காடாகச் சாப்பிட்டால் வாந்தி வரும்.

படி 5: தட்டில் வைத்துவிட்டு விலகுங்கள்

பிடித்த ஒன்றுக்குப் பக்கத்தில் புதுக் காய் ஒரே ஒரு துண்டு. “சாப்பிட்டால்தான் இனிப்பு” என்ற பேரம் வேண்டாம். அது காயைத் தண்டனையாக்கிவிடும். பத்துத் தடவைக்கு மேல் கண்ணில் பட்ட பிறகுதான் பல குழந்தைகள் வாயில் வைத்துப் பார்ப்பார்கள். சமையல் முடிவதற்குள் பசி என்று வந்து நிற்கிறார்களா? அப்போது நீட்டுங்கள் கேரட்டை.

எங்கள் வீட்டில் கத்திரிக்காய் இன்னும் ஜெயிக்கவில்லை. காலிஃபிளவரில் ஓரம் கருகிய துண்டுகளுக்குத்தான் சண்டை. அதனால் இப்போதெல்லாம் இரண்டு தட்டில் பரப்புகிறேன்.