பாம்பனில் ரயிலைப் படமெடுக்க

பாம்பன் ரயில் பாலத்தை எடுக்க நல்ல இடம், பக்கத்திலேயே ஓடும் சாலைப் பாலம்தான். வண்டியை நடுவில் நிறுத்தி நெரிசல் உண்டாக்காமல், ஓரமாக நடந்தே போங்கள். பேருந்தோ லாரியோ கடக்கும்போது பாலமே அதிரும். கைப்பிடிச் சுவரில் கேமராவை ஊன்றினால் படம் கலங்கிவிடும். கையில் பிடித்து, ஷட்டர் வேகத்தை 1/1000 நொடி அளவில் வையுங்கள். போனில் என்றால் பர்ஸ்ட் (தொடர்ந்து பல படங்களை மளமளவென எடுக்கும் வசதி) போதும்.

2025-இல் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பகுதி அப்படியே செங்குத்தாக மேலே போகும். கப்பல் கடக்கும் நேரம் வாய்த்தால் ஜூம் செய்யாதீர்கள், இரண்டு கோபுரங்களும் படத்தில் இருக்கட்டும். அப்போதுதான் அளவு புரியும். உப்புக் காற்று லென்ஸில் படியும், அடிக்கடி துடையுங்கள். அப்புறம், தண்டவாளத்தில் இறங்கி செல்ஃபி எடுப்பது ரயில்வே சட்டப்படி குற்றம்.