கையெழுத்துக்கு முன் நான் தேடும் வரிகள்

இசை நிறுவனத்தின் ஆல்பம் ஒப்பந்தம் கைக்கு வந்தால், முன்பணத் தொகையை நான் கடைசியில்தான் பார்ப்பேன். அது அன்பளிப்பல்ல, உங்கள் ராயல்டியிலேயே, அதாவது வரவில் உங்களுக்குச் சேரும் பங்கிலேயே, கழித்துக்கொள்ளும் பணம். நிறுவனம் முன்பணமாக 100 போட்டது, உங்கள் பங்கு 15 சதவீதம் என்று வையுங்கள். வரவு 100ஐத் தொடும்போது உங்கள் கணக்கில் அடைந்திருப்பது 15தான், பாக்கி 85. வரவு ஏறத்தாழ 667ஐ எட்டும்வரை உங்களுக்குச் சல்லிக்காசு வராது. இந்தக் கணக்கைப் பேச்சுவார்த்தை மேசையிலேயே போட்டுக் காட்டுங்கள், முகங்கள் மாறும்.

எல்லா ஆல்பங்களின் கணக்கையும் ஒன்றாக்கும் பிரிவு இருந்தால் அடிக்கச் சொல்லுங்கள். முதல் ஆல்பத்தின் பாக்கி இரண்டாவதன் வரவை விழுங்கிவிடும்.

ஒலிப்பதிவின் உரிமை வேறு, பாடலின் (வரிகள், மெட்டு) உரிமை வேறு. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் எழுதிக் கேட்டால் பேனாவை மூடுங்கள். ‘நிரந்தரமாக’ என்ற சொல்லுக்குப் பதில் ஆண்டுக்கணக்கு கேளுங்கள். கேட்பது பேராசையல்ல: அமெரிக்கச் சட்டம், 1978 முதல் படைப்பாளியே எழுதிக்கொடுத்த உரிமைகளைப் பொதுவாக 35 ஆண்டுகளுக்குப் பின் மீட்க வழிவிடுகிறது, கூலிக்குச் செய்த படைப்புகளுக்கு மட்டும் அது பொருந்தாது.

நிறுவனத்தின் கணக்கேடுகளைத் தணிக்கை செய்யும் உரிமையையும் எழுதி வாங்குங்கள்.