முதல் முறை வெல்டிங் மெஷின் வாங்கியவர்களுக்கு: ராடு ஒட்டாமல் பத்த வைப்பது எப்படி?

கேட்டுக்குக் கீல், மாடிக்குக் கைப்பிடி, ஆங்கிளில் ஒரு ஸ்டாண்டு என்று வீட்டு வேலைக்காகவே சிங்கிள் பேஸ் இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின் வாங்குபவர்கள் இப்போது நிறையப் பேர். மெஷின் எதுவானாலும், வேலை நன்றாக வருவதும் கெட்டுப்போவதும் பெரும்பாலும் பத்த வைப்பதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது.

கரன்ட்

மிக்ஸி போடும் 6 ஆம்பியர் சாக்கெட்டில் சொருகாதீர்கள். 16 ஆம்பியர் பவர் பிளக்கும் நல்ல எர்த்தும் வேண்டும். மெஷினில் 80 ஆம்பியர் வைத்தாலே லைனிலிருந்து 13, 14 ஆம்பியர் வரை இழுக்கும். எக்ஸ்டென்ஷன் தேவையென்றால் 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயர் போடுங்கள். சுருளை முழுவதும் விரித்துவிடுங்கள், இல்லாவிட்டால் உள்ளுக்குள் சூடேறி உருகிவிடும்.

கண்ணும் உடம்பும்

இதில் மட்டும் சமரசமே வேண்டாம். கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு 'ஒரு டாக்தானே', அதாவது சின்னப் புள்ளி வெல்டிங்தானே, என்று அடிப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும். அந்த வெளிச்சத்தில் உள்ள புற ஊதாக் கதிர் கண்ணின் மேற்பரப்பைச் சுட்டுவிடும். அப்போது ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் ராத்திரியில், கண்ணில் மணல் கொட்டியது போல் உறுத்தும். அப்படி ஆனால் கை வைத்தியம் பார்க்காமல் கண் டாக்டரிடம் போங்கள். 10 அல்லது 11 ஆம் எண் கறுப்புக் கண்ணாடி உள்ள ஹெல்மெட், தோல் கையுறை, முழுக்கைப் பருத்திச் சட்டை, ஷூ இவையெல்லாம் கட்டாயம். பாலியெஸ்டர் துணியில் பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். ராடை, அதாவது உருகி ஒட்டும் வெல்டிங் குச்சியைப் பிடிக்கும் ஹோல்டரை ஈரக் கையோடு தொடக்கூடாது. வேடிக்கை பார்க்கும் குழந்தைகளை முதலில் உள்ளே அனுப்பிவிடுங்கள்.

ஜி.ஐ. பைப்பை, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயை, பழகும் வரை தொடவே வேண்டாம். அதன் துத்தநாகப் புகை குளிர்க் காய்ச்சல் கொண்டுவரும்.

ராடும் செட்டிங்கும்

6013 என்ற ரக ராடு, 12 கேஜ், அதாவது 2.5 மி.மீ. வாங்குங்கள். 70 ஆம்பியரில் தொடங்கி 90 வரை ஏற்றிப் பார்க்கலாம். அதைவிடத் தடிமனான 10 கேஜ் ராடுக்கு 90 முதல் 130. இந்த ராடு ஹோல்டர் பிளஸ்ஸில் இருந்தாலும் மைனஸில் இருந்தாலும் எரியும். மெல்லிய தகடு என்றால் மைனஸ் நல்லது.

பத்த வைப்பது

5 மி.மீ. பிளாட் (பட்டை இரும்பு) ஒன்றைத் துருவும் பெயின்டும் போகக் கிரைண்டரில் தேயுங்கள். மெஷினின் இன்னொரு ஒயரில் உள்ள எர்த் கிளாம்பையும் அந்தப் பளபளப்பான இடத்திலேயே கடியுங்கள். பெயின்டுக்கு மேல் கிளாம்பைக் கடித்துவிட்டு மெஷினைக் குறை சொல்வது பட்டறையில் தினமும் நடக்கிறது.

தீக்குச்சியை உரசுவது போல் ராடை உரசி, பொறி வந்ததும் 2, 3 மி.மீ. மட்டும் தூக்குங்கள். ஒட்டிக்கொண்டால் பக்கவாட்டில் திருகி இழுங்கள்; வரவில்லையென்றால் ஹோல்டரின் லீவரை அழுத்தி ராடை விட்டுவிடுங்கள். ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள்.

அப்புறம், ராடைப் போகும் திசைப் பக்கம் கொஞ்சம் சாய்த்து, பின்னால் இழுத்துக்கொண்டே போங்கள். புதியவர்கள் வெளிச்சத்தையே பார்ப்பார்கள். பார்க்க வேண்டியது அதற்குப் பின்னால் உருகி நிற்கும் இரும்பை. அதன் அகலம் ராடின் இரண்டு, மூன்று மடங்காக மாறாமல் இருந்தால் வேகம் சரி. ராடு எரிந்து குறையக் குறையக் கையும் இறங்க வேண்டும். இது பழக்கத்தில்தான் வரும்.

வெல்டிங் தையல் மேலே குவிந்து நின்றால் ஆம்பியர் போதவில்லை. ஓரத்தில் பள்ளம் விழுந்தால் ஆம்பியர் அதிகம், அல்லது ராடு தூரத்தில் இருக்கிறது. தையலின் மேல் படியும் ஓடான ஸ்லாக்கைத் தட்டும்போது வெள்ளைக் கண்ணாடி போடுங்கள், சூடான சில்லு தெறிக்கும்.

டெஸ்ட்

இரண்டு பிளாட்டை 'டி' மாதிரி நிறுத்தி, இரு முனையிலும் டாக் அடித்து, ஒரு பக்கம் மட்டும் வெல்டிங் வையுங்கள். ஆறியதும் வைஸில் பிடித்து, வெல்டிங் வைத்த பக்கமாகச் சாயும்படி சுத்தியலால் அடித்து உடையுங்கள். உள்ளே ஸ்லாக்கோ ஓட்டையோ தெரிந்தால் இன்னும் பழக வேண்டும். தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்டு, படிக்கட்டு போன்ற பாரம் தாங்கும் வேலைகளை அதுவரை அனுபவமுள்ளவரிடமே கொடுங்கள்.