கோனியோமீட்டரில் முழங்கால் மடக்கத்தை அளப்பது எப்படி?

பிபிடி (பிசியோதெரபி பட்டப்படிப்பு), கினீசியாலஜி (உடல் அசைவியல்) மாணவர்கள் லேபில் முதலில் தொடும் கருவிகளில் ஒன்று கோனியோமீட்டர், அதாவது மூட்டு மடங்கும் கோணத்தை அளக்கும் கருவி. பள்ளிக்கூடத்துப் பாகைமானிக்கு இரண்டு கைகள் முளைத்த மாதிரி இருக்கும். எண்ணைப் படிப்பது சுலபம், சரியான இடத்தில் வைப்பதுதான் கஷ்டம். எலும்பைத் தடவிப் பார்க்காமல் கண் மதிப்பில் வைத்தால் பிராக்டிகலில் மார்க் போய்விடும்.

முழங்காலுக்கு நீளக் கை உள்ளது வேண்டும், 12 அங்குலம் என்றால் நல்லது. விரலுக்கான குட்டிக் கருவி தொடைப் பாதியிலேயே நின்றுவிடும்.

ஆளை மல்லாக்கப் படுக்க வையுங்கள். பேன்ட், வேட்டி, சேலை எதன் மேலும் வைத்து அளக்காதீர்கள், ஷார்ட்ஸ்தான் சரி. கணுக்காலுக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்தால் முழங்கால் முழுதாக நீளும், பின்பக்கம் வளைந்தால் அதுவும் தெரியும்.

இனி மூன்று புள்ளிகள். கருவியின் இரண்டு கைகளும் சேரும் மையத்தை முழங்காலின் வெளிப்பக்க எலும்பு மேட்டில், அதாவது லேட்டரல் எபிகாண்டைலில் வையுங்கள். அசையாத கை கிரேட்டர் ட்ரோகான்டரை (தொடை எலும்பின் மேல்முனையில் வெளிப்பக்க மேடு) நோக்கி, அசையும் கை வெளிக் கணுக்கால் மேட்டை நோக்கி. ட்ரோகான்டர் எளிதில் சிக்காது. இடுப்பின் பக்கவாட்டில் உள்ளங்கையை அழுத்தி வைத்துக்கொண்டு, காலை உள்ளேயும் வெளியேயும் உருட்டச் சொல்லுங்கள். கைக்கு அடியில் புரளும் மேடுதான் அது.

குதிகாலைப் புட்டத்தை நோக்கி இழுக்கச் சொல்லுங்கள். இடுப்பும் கூடவே மடங்கும், மடங்கட்டும். மடக்கிய பின் மூன்று புள்ளிகளையும் திரும்பத் தடவிப் பாருங்கள். தோல் நகர்ந்துவிடுவதால் முதலில் பேனாவால் வைத்த பொட்டை நம்ப முடியாது. கருவியை எடுக்காமல், கண்ணை அதே மட்டத்துக்குத் தாழ்த்திப் படியுங்கள். மேலிருந்து எட்டிப் பார்த்தால் சில பாகை தவறும்.

பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. கருவியில் எதிரெதிராக ஓடும் இரண்டு அளவுகள் இருக்கும். ஒன்று 130 காட்டும்போது மற்றது 50 காட்டும். கால் நீட்டியிருக்கும்போது எது 0 காட்டுகிறதோ, கடைசி வரை அதையே படியுங்கள். இயல்பான மடக்கம் சுமார் 135 பாகை.

குப்புறப் படுக்க வைத்து அளந்தால் எண் குறையலாம். ரெக்டஸ் ஃபெமோரிஸ் என்பது தொடையின் முன்பக்கத்தில் இடுப்பு, முழங்கால் இரண்டையும் தாண்டிப் போகும் தசை. குப்புறப் படுக்கும்போது இடுப்பு நீண்டிருப்பதால் அந்தத் தசை முன்னதாகவே இறுகிப் பிடித்துக்கொள்ளும். மல்லாந்த நிலையில் கெண்டைக்கால் தொடையில் மெத்தென்று முட்டி நின்றால் அது இயல்பு.

ரிக்கார்டில் வெறும் 120 என்று எழுதாதீர்கள். ‘வலது முழங்கால், மல்லாந்த நிலை, ஆக்டிவ், 0–120’ என்று எழுதுங்கள். ஆக்டிவ் என்றால் அவரே மடக்கியது. அடுத்த வாரம் வேறொருவர் குப்புற வைத்து 105 எடுத்துவிட்டால், நன்றாக இருக்கும் மூட்டு மோசமாகிவிட்டதாக ஃபைலில் ஏறிவிடும்.