டேலி கணினியை ஒரே ஃபைலாக மாற்றுவோம்: சிறு அலுவலகத்துக்கு விர்ச்சுவலைசேஷன், படிப்படியாக

சிறு அலுவலகங்களில் பெரும்பாலும் இதுதான் அமைப்பு. ஒரு மேசையில் டேலி என்ற கணக்கு மென்பொருளின் டேட்டா இருக்கும் கணினி, அதோடு இணைந்து வேலை பார்க்கும் இரண்டு மூன்று கணினிகள், டிராயரில் பேக்கப் என்ற பெயரில் ஒரு பென் டிரைவ். ஒரு நாள் அந்த முதல் கணினியின் மதர்போர்டு போய்விட்டால் என்ன ஆகும்? டேட்டா பென் டிரைவில் பத்திரமாகவே இருக்கட்டும். விண்டோஸ் போட்டு, டேலி போட்டு, லைசென்ஸ் ஏற்றி, பிரிண்டர் சேர்த்து, ஃபோல்டரை ஷேர் செய்து, பில் ஃபார்மட்டைச் சரிபார்ப்பதற்குள் இரண்டு நாள் ஓடிவிடும். அது ஜிஎஸ்டி ரிட்டர்னான 3பி போட வேண்டிய 20ஆம் தேதிக்கு முந்தின நாளாக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

அந்தக் கணினியை, விண்டோஸும் டேலியும் அமைப்புகளுமாக, ஒரே பேக்கப் ஃபைலாகத் தினமும் எடுத்து வைக்க முடியும். பெட்டி பழுதானால் வேறொரு பெட்டியில் அந்த ஃபைலை விரித்தால் போதும். அதற்கான வழிதான் விர்ச்சுவலைசேஷன். ஒரே வீட்டைத் தடுத்து, தனி வாசல், தனி மீட்டர் வைத்துப் பல போர்ஷன்களாக வாடகைக்கு விடுவதைப் போன்றது இது. உள்ளே இருக்கும் விண்டோஸுக்குத் தான் போர்ஷனில்தான் இருக்கிறோம் என்பது தெரியாது. அந்த ஒவ்வொரு போர்ஷனையும் இனி விஎம் (விர்ச்சுவல் மெஷின்) என்று சொல்வோம்.

“எல்லாவற்றையும் கிளவுடிலேயே போட்டுவிடலாமே?” என்று கேட்பீர்கள். இரண்டு ஊரில் கிளை இருந்தால் போடலாம். ஒரே கூரையின் கீழ் நான்கு பேர் வேலை பார்க்கும் இடத்துக்கு, என்னைக் கேட்டால், வேண்டாம். 24 மணி நேரமும் ஓடும் விண்டோஸ் விஎம்முக்கு மாத வாடகை ஆயிரக்கணக்கில் வரும், பிராட்பேண்ட் நின்றால் பில்லிங்கும் நிற்கும். வேலை அலுவலகத்திலும் பேக்கப் கிளவுடிலும் இருப்பதே சிறு கடைக்குப் பொருந்தும். கீழே உள்ள செய்முறையும் அந்தக் கணக்கில்தான்.

தேவையானவை

இன்டெல் 8ஆம் தலைமுறை அல்லது அதற்கு மேற்பட்ட ஐ5 கணினி ஒன்று. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாகக் கேட்கும் குறைந்தபட்ச தலைமுறை அதுதான். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டதால் பழையதில் புதிதாகத் தொடங்குவதில் அர்த்தமில்லை. சென்னை ரிட்சி தெருவில் கிடைக்கும் ரீஃபர்பிஷ்டு டெஸ்க்டாப்பே போதும். ரேம் 16 ஜிபி, 500 ஜிபி எஸ்எஸ்டி, பேக்கப்புக்கென்று தனியாக 1 டிபி ஹார்ட் டிஸ்க். யுபிஎஸ் கட்டாயம். இன்வெர்ட்டரை நம்புவதாக இருந்தால் அதன் ஸ்விட்ச் யுபிஎஸ் மோடில் இருக்கிறதா என்று பாருங்கள்.

விஎம்முக்கும் விண்டோஸ் லைசென்ஸ் தேவை. 11 ப்ரோ எடுங்கள். அதில் ரிமோட் டெஸ்க்டாப் (வேறு கணினியிலிருந்து அதன் திரையைத் திறந்து வேலை பார்க்கும் வசதி) வழியாக ஒரு நேரத்தில் ஒருவர்தான் நுழைய முடியும். ஆனால் பலர் பயன்படுத்தும் லைசென்ஸான டேலி கோல்டு வைத்திருப்பவர்களுக்கு இது தடையில்லை. விஎம்மில் டேட்டாவும் லைசென்ஸும் இருக்கும், மற்றவர்கள் தங்கள் கணினியில் உள்ள டேலியைத் திறந்து அந்த ஷேர் ஃபோல்டரைப் பிடித்துக்கொள்வார்கள். சில்வர் ஒரு பயனருக்கு மட்டுமே உரியது என்பதால் அதை வைத்திருப்பவர் ரிமோட் டெஸ்க்டாப்பில் வரலாம்.

படி 1: பயாஸ்

கணினியை இயக்கும்போது, விண்டோஸ் வருவதற்கு முன் தெரியும் அமைப்புத் திரையான பயாஸுக்குள் போய் இரண்டை மாற்றுங்கள். விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி என்பதை எனேபிள் செய்யுங்கள் (ஏஎம்டி என்றால் எஸ்விஎம் என்றிருக்கும்). மின்சாரம் போய்த் திரும்பினால் என்ன செய்ய வேண்டும் என்ற அமைப்பை ‘பவர் ஆன்’ என வையுங்கள். காலையில் யார் முதலில் கடை திறந்தாலும் சர்வர் தானே ஓடிக்கொண்டிருக்கும்.

படி 2: பிராக்ஸ்மாக்ஸ் நிறுவுதல்

போர்ஷன் பிரித்துக்கொடுக்கும் மென்பொருள் பிராக்ஸ்மாக்ஸ் விஇ. வியன்னாவில் உள்ள நிறுவனத்துடையது, டெபியன் லினக்ஸ் மேல் கட்டப்பட்டது, திறந்த மூலம், இலவசம். அதன் ஐஎஸ்ஓ ஃபைலை (நிறுவல் சிடியின் ஃபைல் வடிவம்) இறக்கி, பலேனா எட்சர் என்ற மென்பொருள் மூலம் பென் டிரைவில் எழுதி, அதிலிருந்து கணினியைத் தொடங்குங்கள்.

நிறுவும்போது எஸ்எஸ்டியைத் தேர்ந்தெடுங்கள். அதில் இருப்பது முழுவதும் அழிந்துவிடும், ‘விண்டோஸுக்குப் பக்கத்தில் போடவா’ என்றெல்லாம் அது கேட்காது. நெட்வொர்க் பக்கத்தில் நிலையான முகவரி கொடுங்கள், உதாரணத்துக்கு 192.168.1.50. ரவுட்டர் மற்ற கணினிகளுக்குத் தானாக வழங்கும் எண் வரிசைக்கு வெளியே இருக்கும் எண்ணாகப் பார்த்துக் கொடுங்கள். இல்லாவிட்டால் என்றோ ஒரு நாள் யாருடைய செல்போனோ அதே எண்ணை எடுத்துக்கொள்ளும்.

முடிந்ததும் கறுப்புத் திரையில் ஒரு முகவரி மட்டும் தெரியும். டெஸ்க்டாப் வராது, பயப்பட வேண்டாம். மானிட்டரைக் கழற்றிவிட்டு, வேறு கணினியின் பிரவுசரில் எச்டிடிபிஎஸ் சேர்த்து 192.168.1.50:8006 என்று போங்கள். பாதுகாப்பு எச்சரிக்கை வரும், ‘அட்வான்ஸ்டு’ அழுத்தித் தொடருங்கள். பயனர் பெயர் ரூட். சந்தா இல்லை என்று ஒரு பெட்டி வரும், ஓகே கொடுத்தால் போய்விடும். அப்புறம் அப்டேட்ஸ் கீழே ரெப்பாசிட்டரீஸ் பக்கத்தில், என்டர்பிரைஸ் என்று இருப்பவற்றை டிஸேபிள் செய்து ‘நோ-சப்ஸ்கிரிப்ஷன்’ என்பதைச் சேர்த்துவிடுங்கள். இதைச் செய்யாவிட்டால் இலவசப் பயனருக்கு அப்டேட் வராது.

படி 3: விண்டோஸ் விஎம்

புதியவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான் என்பதால் நிதானமாகப் போவோம்.

இடப்பக்கம் ‘லோக்கல்’ சேமிப்பில் ஐஎஸ்ஓ இமேஜஸ் பகுதிக்குப் போய் இரண்டு ஃபைல்களை ஏற்றுங்கள். ஒன்று விண்டோஸ் 11 ஐஎஸ்ஓ. மற்றொன்று, விஎம்மின் டிஸ்கோடும் நெட்வொர்க்கோடும் விண்டோஸ் பேசுவதற்கான விர்ட்ஐஓ டிரைவர் ஐஎஸ்ஓ. இரண்டாவதைப் பலர் விட்டுவிடுவார்கள்.

மேலே ‘கிரியேட் விஎம்’ அழுத்துங்கள். எண் 100, பெயர் உங்கள் விருப்பம். ‘ஸ்டார்ட் அட் பூட்’ டிக் செய்யுங்கள். ஓஎஸ் பக்கத்தில் விண்டோஸ் 11ஐத் தேர்ந்தெடுத்து, அங்கேயே விர்ட்ஐஓ டிரைவருக்கான கூடுதல் டிரைவ் என்ற டிக்கையும் போட்டு அந்த ஐஎஸ்ஓவைக் காட்டுங்கள். சிஸ்டம் பக்கத்தில் கெமு ஏஜென்ட் (பிராக்ஸ்மாக்ஸும் உள்ளே இருக்கும் விண்டோஸும் பேசிக்கொள்ள உதவுவது) டிக். டிபிஎம் 2.0, யுஇஎஃப்ஐ இரண்டும் விண்டோஸ் 11 என்று சொன்னதுமே தானாக வந்திருக்கும், அவற்றுக்கான சேமிப்பிடத்தை மட்டும் காட்டுங்கள். டிஸ்க் 120 ஜிபி, ஸ்கஸி வகை, டிஸ்கார்ட் டிக். சிபியு 4 கோர். மெமரி 8192. நெட்வொர்க் விர்ட்ஐஓ.

விஎம்மைத் தொடங்கி ‘கன்சோல்’ திறந்தால் விண்டோஸ் நிறுவல் திரை வரும். எந்த டிஸ்கில் போடுவது என்று கேட்கும் இடத்தில் பட்டியல் காலியாக இருக்கும். டிஸ்கே கொடுக்கவில்லையோ என்று நினைத்துப் பலர் முதலிலிருந்து தொடங்குவார்கள். டிஸ்க் இருக்கிறது, அதோடு பேசும் டிரைவர்தான் விண்டோஸிடம் இல்லை. ‘லோட் டிரைவர்’ அழுத்தி, விர்ட்ஐஓ சிடியில் வி-ஐ-ஓ-எஸ்-சி-எஸ்-ஐ என்ற எழுத்துகள் கொண்ட ஃபோல்டருக்குள் டபிள்யூ11, அதற்குள் ஏஎம்டி64 என்று போங்கள். உங்களுடையது இன்டெல் கணினியானாலும் ஏஎம்டி64தான். ஏற்றியதும் 120 ஜிபி டிஸ்க் பட்டியலில் வந்து நிற்கும். உடனே அடுத்ததை அழுத்திவிடாமல், இன்னொரு முறை லோட் டிரைவர் போய் நெட்கேவிஎம் ஃபோல்டரிலிருந்து நெட்வொர்க் டிரைவரையும் ஏற்றிவிடுங்கள். விண்டோஸ் 11 நிறுவலின் பிற்பகுதியில் இன்டர்நெட் இல்லாமல் நகரவிடாது.

விண்டோஸ் வந்தபின் அதே சிடியில் இருக்கும் விர்ட்ஐஓ கெஸ்ட் டூல்ஸை நிறுவுங்கள். மிச்ச டிரைவர்கள், கெமு ஏஜென்ட் எல்லாம் அதில் சேர்ந்துவரும். இந்த விண்டோஸுக்கும் ஒரு நிலையான முகவரி கொடுங்கள்.

படி 4: டேலியை இடம் மாற்றுதல்

பழைய கணினியில் முதலில் பேக்கப் எடுங்கள். டேலிபிரைமில் ஆல்ட்டுடன் ஒய் அழுத்தினால் டேட்டா மெனு, அதில் பேக்கப். பிறகு உதவி மெனுவின் லைசென்ஸ் பகுதியில் ‘சரண்டர்’ கொடுங்கள். இந்த வரிசை முக்கியம். சரண்டர் செய்யாமல் பழைய கணினியை ஃபார்மட் செய்துவிட்டால், புதியதில் ஏற்றும்போது டேலிக்காரர்களோடு பேசி முடிக்க அரை நாள் பிடிக்கும். விஎம்மில் டேலியை நிறுவி, லைசென்ஸை ஏற்றி, பேக்கப்பை ரீஸ்டோர் செய்து, டேட்டா ஃபோல்டரைத் தேவையானவர்களுக்கு மட்டும் ஷேர் செய்யுங்கள். பழைய கணினியை ஒரு மாதமாவது அப்படியே ஓரமாக வைத்திருங்கள்.

டேலி அப்டேட் வரும்போது, அதற்கு முன் விஎம்மை ஷட்டவுன் செய்து ‘ஸ்னாப்ஷாட்’ எடுத்துக்கொள்ளலாம். அப்டேட் சொதப்பினால் ரோல்பேக் கொடுத்தால் பழைய நிலைக்கு வந்துவிடும். அதற்குப் பின் போட்ட வவுச்சர்களும் சேர்ந்தே போய்விடும் என்பதால் இதை வேலை நேரத்தில் செய்யாதீர்கள். ஸ்னாப்ஷாட்டைப் பேக்கப் என்றும் நினைக்க வேண்டாம். அது அதே எஸ்எஸ்டியில்தான் உட்கார்ந்திருக்கிறது.

படி 5: தினசரி பேக்கப்

1 டிபி ஹார்ட் டிஸ்கைச் சேர்க்க, சர்வர் பெயரைச் சொடுக்கி டிஸ்க்ஸ், டைரக்டரி, கிரியேட். ஏற்கெனவே எதற்காவது பயன்படுத்திய டிஸ்க் என்றால் முதலில் ‘வைப்’ கேட்கும். பிறகு டேட்டாசென்டர், பேக்கப், ஆட். நேரம் இரவு 9, மோடு ஸ்னாப்ஷாட், சுருக்கம் இசட்எஸ்டிடி. ரிடென்ஷன் பக்கத்தில் தினசரி 7, வாராந்திரம் 4 என்று கொடுங்கள், பழையவை தானாக அழியும். காலியாக விட்டுவிட்டால் சில மாதங்களில் டிஸ்க் நிரம்பி பேக்கப் நின்றிருக்கும், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

படி 6: கிளவுடுக்கு ஒரு பிரதி

திருட்டு, தீ, ரான்சம்வேர் எல்லாம் அலுவலகத்துக்குள் இருக்கும் ஹார்ட் டிஸ்கை விட்டுவைக்காது. பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்றால் சட்டமும் இருக்கிறது. கணினியில் வைத்திருக்கும் கணக்குப் புத்தகங்களின் பேக்கப், இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் தினமும் இருக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் கம்பெனி கணக்கு விதிகளைத் திருத்தினார்கள். ஆகவே கிளவுடில் இடம் எடுக்கும்போது ரீஜனை, அதாவது சர்வர்கள் இருக்கும் இடத்தை, பார்த்து எடுங்கள். அமேசானுக்கு மும்பையிலும் ஹைதராபாத்திலும், மைக்ரோசாஃப்ட் அஷூருக்குச் சென்னையிலும் புனேயிலும் ரீஜன் உண்டு.

முழு விஎம்மையும் தினமும் அனுப்ப நம் பிராட்பேண்ட் தாங்காது. டேலி பேக்கப் ஃபோல்டரும் ஆவணங்களும் போனால் போதும். அமேசானின் கிளவுட் சேமிப்பான எஸ்3யில் மும்பை ரீஜனில் ஒரு பக்கெட் (ஃபைல்களுக்கான தனி இடம்) உருவாக்கி, பழைய பதிப்புகளையும் வைத்திருக்கும் வெர்ஷனிங்கை ஆன் செய்யுங்கள். பொது அணுகலைத் தடுக்கும் அமைப்பு முன்பே ஆனில் இருக்கும், தொடாதீர்கள். அந்த ஒரு பக்கெட்டை மட்டும் தொடக்கூடிய தனிப் பயனரை உருவாக்கி அவருக்கு அக்சஸ் கீ எடுங்கள். ரகசியச் சாவி ஒரே ஒரு முறைதான் திரையில் காட்டப்படும். முதன்மைக் கணக்குக்கு இரட்டைச் சரிபார்ப்பும், பட்ஜெட் எச்சரிக்கையும் வைத்துவிடுங்கள். பின்னது இல்லாமல் கிரெடிட் கார்டைக் கொடுக்கக் கூடாது.

விஎம்முக்குள் டுப்ளிகாட்டி என்ற இலவச பேக்கப் மென்பொருளை நிறுவி, மூலம் டேலி பேக்கப் ஃபோல்டர், இலக்கு அந்த பக்கெட், நேரம் இரவு 8 என்று அமையுங்கள். டேலி எழுதிக்கொண்டிருக்கும் டேட்டா ஃபோல்டரை நேரடியாகக் காட்டாதீர்கள். அக்கவுண்டன்ட் மாலையில் கிளம்பும் முன் பேக்கப் எடுப்பதைப் பழக்கமாக்கினால்தான் கிளவுடுக்குப் புதிய டேட்டா போகும். டுப்ளிகாட்டி கேட்கும் என்கிரிப்ஷன் கடவுச்சொல்லைக் காகிதத்தில் எழுதி முதலாளி வீட்டுப் பீரோவில் வையுங்கள். அது தொலைந்தால் பேக்கப் இருந்தும் பயனில்லை.

வீட்டிலிருந்து பார்க்க வேண்டும் என்று முதலாளி நிச்சயம் கேட்பார். அதற்காக ரவுட்டரில் ரிமோட் டெஸ்க்டாப்புக்கான 3389 போர்ட்டைத் திறந்துவிடாதீர்கள், ரான்சம்வேர் கும்பல்கள் முதலில் தட்டும் கதவு அது. கணினிகளை இன்டர்நெட் வழியே பாதுகாப்பாக இணைக்கும் டெய்ல்ஸ்கேல் போன்ற ஒன்றை விஎம்மிலும் அவருடைய லேப்டாப்பிலும் போட்டால் எந்தப் போர்ட்டையும் திறக்காமலே வேலை முடியும்.

படி 7: மீட்டுப் பார்த்தல்

திரும்ப எடுத்துப் பார்க்காத பேக்கப்பை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, மாலையில் எல்லோரும் போனபின், பேக்கப் சேமிப்புக்குப் போய் முந்தின இரவு ஃபைலைத் தேர்ந்தெடுத்து ரீஸ்டோர் அழுத்துங்கள். விஎம் எண் 901 என்று கொடுத்து ‘யுனிக்’ டிக் செய்யுங்கள். முடிந்ததும் தொடங்குவதற்கு முன்பே ஹார்ட்வேர், நெட்வொர்க் டிவைஸ், எடிட் போய் ‘டிஸ்கனெக்ட்’ டிக் போடுங்கள். இல்லாவிட்டால் ஒரே பெயரும் ஒரே முகவரியும் கொண்ட இரண்டு கணினிகள் வலையில் மோதிக்கொள்ளும். 100ஐ ஷட்டவுன் செய்து 901ஐத் தொடங்குங்கள். 16 ஜிபியில் இரண்டும் ஒன்றாக ஓட இடம் போதாது. 901இல் டேட்டா ஃபோல்டரைத் திறந்து கடைசித் தேதி ஃபைல்கள் இருக்கின்றனவா, டேலியில் கம்பெனி திறக்கிறதா என்று பாருங்கள். ஒரு குறிப்பேட்டில் எத்தனை நிமிடம் ஆனது என்று எழுதி வையுங்கள். சர்வர் நின்ற நாளில் முதலாளி கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

பார்த்து முடித்ததும் 901ஐ ஷட்டவுன் செய்து ‘மோர்’ மெனுவில் ‘ரிமூவ்’ கொடுங்கள். உறுதிசெய்ய விஎம் எண்ணைத் தட்டச்சு செய்யச் சொல்லும். அந்த இடத்தில் 100 என்று தட்டவில்லையே என்று ஒருமுறை பார்த்துவிட்டு அழியுங்கள். பிறகு 100ஐ மறக்காமல் தொடங்கிவிட்டுப் போங்கள்.