படத்தில் தெரியாத வலி: கார் விபத்துக்குப் பின் உடம்பையும் செலவையும் கவனிப்பது எப்படி

கார் விபத்தில் அடிபட்டவரை மாவுக்கட்டோடு பார்க்கும்போது எல்லாரும் நம்புகிறார்கள். கட்டைப் பிரித்து ஆறு மாதம் ஆன பிறகும் கழுத்தைத் திருப்ப முடியவில்லை, இடுப்பிலிருந்து கால் வரை சுரீரென்று இழுக்கிறது என்று அவர் சொன்னால், வீட்டாரே ஒரு கணம் தயங்குகிறார்கள். மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலியை மருத்துவத்தில் நாள்பட்ட வலி என்பார்கள். திசு ஆறிய பின்னும் நரம்பு மண்டலம் கூர்மையடைந்து, சிறு அசைவையும் பெரிய வலியாக உணர்வதால், ஸ்கேன் நன்றாக இருந்தும் வலி உண்மையாகவே இருக்க முடியும். இந்த வலியை மருத்துவருக்கும் இழப்பீட்டை முடிவு செய்யும் தீர்ப்பாயத்துக்கும் காட்ட எக்ஸ்ரே போதாது என்பதால், பாதிக்கப்பட்டவர் முதலில் வாங்க வேண்டிய பொருள் ஒரு நீளமான நோட்டுப் புத்தகம்.

அதன் இடப்பக்கத்தில் ஒவ்வொரு நாளும் மூன்று நான்கு வரிகள் எழுதினால் போதும்: வலி பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு, எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள், எந்த வேலையைச் செய்ய முடியாமல் போயிற்று. “ரொம்ப வலி” என்று எழுதுவதைவிட, “தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைக்க முடியவில்லை”, “பேருந்தில் நிற்க முடியாமல் ஆட்டோவில் போனேன்” என்று எழுதுவது பல மடங்கு பயன் தரும். வலப்பக்கத்தில் அன்றைய செலவை, ஆட்டோ கூலி உட்பட, தேதியோடு எழுதுங்கள். மருந்துக்கடை ரசீதுகளில் பல வெப்பத்தாளில் அச்சாகின்றன, சில மாதங்களில் எழுத்து மங்கி வெறும் தாளாகிவிடும்; ஆகையால் வாங்கிய வாரத்திலேயே நகல் எடுத்து மூலத்தோடு சேர்த்துக் குத்தி வையுங்கள்.

உடம்பைப் பொறுத்தவரை, பெரும்பாலானோர் செய்யும் தவறு ஒன்றுதான்: வலி குறைந்த நாளில் தேங்கிய வேலைகளையெல்லாம் முடித்துவிட்டு, அடுத்த மூன்று நாள் படுக்கையில் கிடப்பது. நோட்டைப் புரட்டினால் இந்தச் சுழற்சி உங்களுக்கே தெரியவரும். அரை மணி நேரம் உட்கார்ந்தால் வலி ஏறுகிறது என்றால், இருபதாவது நிமிடத்திலேயே, வலி வரும் முன்பே, எழுந்து நடந்துவிட்டு வந்து உட்காருங்கள். நல்ல நாளிலும் இதே அளவை மீறாமல் இருந்து, ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை சில நிமிடங்களைக் கூட்டுங்கள். முழு ஓய்வு தசையைத் தளர்த்தி வலியை வளர்க்கும் என்பதால், பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தரும் பயிற்சியை வீட்டில் தொடர்வதே மையமான சிகிச்சை, மாத்திரை அதற்குத் துணை.

மாத்திரையிலும் எச்சரிக்கை வேண்டும். டைக்ளோஃபெனாக் போன்ற வலி மருந்துகளைச் சீட்டில்லாமல் மாதக்கணக்கில் வாங்கிச் சாப்பிடுவது இரைப்பையையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும். எரிச்சலும் மின்சாரம் பாய்வது போன்ற இழுப்பும் இருந்தால் அது நரம்பு வலியாக இருக்கலாம். அதற்குத் தரும் ப்ரீகாபலின், அமிட்ரிப்டிலின் போன்றவை பலன் தர வாரங்கள் ஆகும், திடீரென்று நிறுத்தவும் கூடாது. கால் பலவீனமடைந்தாலோ, தொடை இடுக்கில் மரத்துப்போனாலோ, சிறுநீர் அடைபட்டாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். புத்தூர் கட்டுப் போடப் போகிறவர்களைத் தடுக்க முடியாது என்பது எனக்குத் தெரியும்; மரத்துப்போதல் இருக்கும்போது மட்டுமாவது எவரையும் கழுத்தையோ முதுகையோ திருகவிடாதீர்கள்.

செலவைப் பற்றி ஒரு கசப்பான உண்மையை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அரசுத் திட்டங்கள் பெரும்பாலும் விபத்தின் முதல் நாட்களுக்கானவை. 2021 டிசம்பரில் தமிழகத்தில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ முதல் 48 மணி நேரச் சிகிச்சையைப் பார்த்துக்கொள்கிறது. 2025இல் ஒன்றிய அரசு அறிவித்த கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டம் விபத்து நாளிலிருந்து 7 நாட்களுக்கு 1.5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கான முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 5 லட்சம் வரை தந்தாலும், அது பெரும்பாலும் உள்நோயாளியாகச் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கானது. ஏழாவது மாதத்தில் வாரம் இருமுறை போகும் பிசியோதெரபிக்குக் கைக்காசுதான் போகும். ஆகவே அதை அரசு மருத்துவமனையின் பிசியோதெரபி பிரிவுக்கு மாற்றிக்கொள்ள முடியுமா என்று பாருங்கள்; வெளியே போக முடியாதவர்கள், 2021 முதல் நடைபெறும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டிலேயே இயன்முறைச் சிகிச்சை பெற, பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்யலாம். மாதாந்திர மருந்துகளை, மூலப்பெயரில் குறைந்த விலைக்கு விற்கும் முதல்வர் மருந்தகத்திலோ மக்கள் மருந்தகத்திலோ வாங்க, பிராண்ட் பெயரோடு மருந்தின் மூலப்பெயரையும் சீட்டில் எழுதித்தரும்படி மருத்துவரிடம் கேளுங்கள்.

இந்த நீண்ட காலச் செலவைத் திரும்பப் பெற இருக்கும் முக்கிய வழி மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 166ஆவது பிரிவில், விபத்து நடந்த இடத்திலோ நீங்கள் வசிக்கும் இடத்திலோ மனு செய்யலாம். 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள திருத்தம் இதற்கு விபத்து நாளிலிருந்து 6 மாதக் கெடு வைக்கிறது. வலி தானாகப் போய்விடும் என்று காத்திருந்து இந்தக் கெடுவை நழுவவிடாதீர்கள். முதல் தகவல் அறிக்கை, மருத்துவமனையின் ஏ.ஆர். காப்பி (விபத்துப் பதிவேட்டின் நகல்), காயச் சான்றிதழ் ஆகிய மூன்றும் அடிப்படை. கழுத்து வலி மறுநாள்தான் தொடங்கியது என்றால் மறுநாளே மருத்துவமனைக்குப் போய், விபத்தின் தேதியைச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். இடைவெளி நீள நீள, இந்த வலி விபத்தால் வந்ததல்ல என்று காப்பீட்டு நிறுவனம் வாதாட இடம் கிடைக்கும். நண்பரின் காரில் பயணித்து அந்தக் காராலேயே விபத்து நேர்ந்திருந்தால், அதன் காப்பீடு விரிவான பேக்கேஜ் பாலிசியா, சட்டம் கட்டாயமாக்கியதை மட்டும் தரும் வெறும் ஆக்ட் பாலிசியா என்று பாருங்கள். முன்னதில்தான் உள்ளே இருந்தவருக்குப் பாதுகாப்பு உண்டு. இடித்த வாகனமே தெரியாமல் போனால், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் தரும் தனித் திட்டம் இருக்கிறது.

தொகை கணக்கிடப்படும் விதம் பலருக்குத் தெரிவதில்லை. ராஜ்குமார் – அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியபடி, சான்றிதழில் உள்ள ஊனச் சதவீதத்தை அப்படியே எடுக்காமல், அந்த ஊனம் பாதிக்கப்பட்டவரின் தொழிலை எவ்வளவு பாதிக்கிறது என்று பார்க்க வேண்டும். மாதம் 15,000 ரூபாய் சம்பாதித்த 38 வயதுத் தையல்காரர் ஒருவரை வைத்துக்கொள்வோம். ஆண்டு வருமான இழப்பை எத்தனையால் பெருக்குவது என்று வயதை வைத்துத் தரும் பெருக்கெண், அவர் வயதுக்கு 15. சம்பாதிக்கும் திறனில் இழப்பு 20 சதவீதம் என்றால், எதிர்கால வருமான உயர்வைச் சேர்க்காமல், 5,40,000 ரூபாய் வரும். கழுத்தைக் குனிந்தே செய்யும் தொழில் என்பதால் சம்பாதிக்கும் திறன் 40 சதவீதம் போய்விட்டது என்று நிரூபித்தால் 10,80,000. இந்த வித்தியாசத்தை நிரூபிக்க உதவுவன சிகிச்சை அளித்த மருத்துவரின் சாட்சியமும், வருமானத்துக்கான சான்றும், தேதி தவறாமல் எழுதிய அந்த நோட்டும்தான். மருத்துவச் செலவு, எதிர்காலச் சிகிச்சைச் செலவு, வலியும் வேதனையும், வாழ்க்கை வசதி இழப்பு என்று ஒவ்வொன்றையும் தனித்தலைப்பில் கேட்க வேண்டும்.

வழக்கறிஞரைத் தேடும்போது, தீர்ப்புத் தொகையில் இத்தனை சதவீதம் என்று பேசுவதை பார் கவுன்சில் விதிகள் அனுமதிப்பதில்லை என்பதை நினைவில் வையுங்கள். பெண்கள், மாற்றுத்திறனாளிகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோர் வருமான வரம்பின்றி, வட்டச் சட்டப் பணிகள் குழுவில் இலவச வழக்கறிஞரைக் கேட்டுப் பெறலாம். வழக்கு, இரு தரப்பும் சமரசம் செய்துகொள்ளும் லோக் அதாலத்துக்கு (மக்கள் நீதிமன்றம்) போனால் பணம் சீக்கிரம் கிடைக்கும். ஆனால் அங்கே கையெழுத்திட்ட பின் மேல்முறையீடு கிடையாது. எனவே வலி ஒரு நிலைக்கு வந்துவிட்டதா, இன்னும் எத்தனை ஆண்டு என்ன சிகிச்சை, ஆண்டுக்கு எவ்வளவு செலவு என்று மருத்துவரிடம் எழுத்தில் வாங்கி, அதைச் சமரசத் தொகைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகே பேனாவை எடுங்கள்.